கௌதாரியின் காதோரச் சிவப்பு

கால்நடை மருத்துவராகப் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களில் யாராவது, "மாட்டு டாக்டர்" என்று கூப்பிட்டால் முகம் சுருங்குகிறவராக இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அந்தச் சுருக்கம் கடைசிவரை போகாது. நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு திண்டிவனத்தில் வீட்டோடு இருக்கிறேன். மாட்டைத் தொட்டே நாளாகிறது. இருந்தும் கூரியர் கொண்டு வருகிற பையன் தெருமுனையில் நின்று "மாட்டு டாக்டரு வூடு எது" என்றுதான் கேட்கிறான். தெருவும் தயங்காமல் கையைக் காட்டுகிறது.

உங்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். சினை பார்ப்பது, ஊசி போடுவது, அளவு கணக்கிடுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாததும் உங்கள் கைபேசியில் இருக்கிறது. கைபேசியில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அது ஒரு கௌதாரி பற்றியது. அதற்குப் பெரிய நோய் ஒன்றும் கிடையாது. ஆனால் அதன் காரணமாக ஒரு நாள் முழுக்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதோ, இப்போதும் எழுந்து சமையலறை வரை போய், தாகமே இல்லாமல் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் தொடர்கிறேன்.

கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வரும் ஓர் ஊரில் அப்போது என் மருந்தகம். மார்கழி மாதம். மழை விட்டுப் பனி பிடித்திருந்தது. மல்லாட்டை என்று இந்தப் பக்கம் சொல்கிற நிலக்கடலை விதைப்பு நடந்துகொண்டிருந்ததால் கூட்டம் சீக்கிரமே கலைந்துவிட்டது. நான் டிபன் டப்பாவைத் திறந்த நேரத்தில் ஏழுமலை வந்து வாசலில் நின்றான். சென்ட்ரிங் வேலை பார்ப்பவன். அவனுடைய ஆடுகளுக்கு நான்தான் வைத்தியம். அன்றைக்கு ஆடு இல்லை. கையில் ஒரு கட்டைப்பை, பைக்குள் துண்டு, துண்டுக்குள் கம்பிக் கூண்டு.

"நாட்டுக்கோழிக் குஞ்சு சார். சொறிஞ்சிக்கினே இருக்குது."

துண்டை விலக்கிப் பார்த்தேன். பழுப்பில் கோடு கோடாக உடம்பு, சிவப்புக் கால், ஊரையே சந்தேகப்படுகிற கண். முழுக் கௌதாரி.

"ஏழுமல, இது எந்த நாட்டுக் கோழி?"

"நம்ம நாடுதான் சார்."

காட்டுப் பறவையைப் பிடித்துக் கூண்டில் வைப்பது குற்றம். இது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவன் பங்காளி ஒருவன் முயல் பிடித்து வனத்துறையிடம் மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போகாமல் மாதக்கணக்கில் அலைந்ததை ஊரே பார்த்திருந்தது. என் வழக்கம் எப்படியென்றால், மேசைமேல் வந்த உயிரை முதலில் பார்த்துவிடுவது. கை கழுவிய பிறகு சட்டத்தை யோசிப்பது. கை கழுவ எனக்கு எப்போதுமே கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

"இதுக்கு என்ன தீனி போடற?"

"கேப்பை போட்டேன், கம்பு போட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல சார். கரையான்தான் வேணும். அதுவும் நானு பறிச்சாந்து போட்டா மூஞ்சத் திருப்பிக்குது. தானா கெளறித் துன்னணுமாம். வெடிகாலைல இட்டுக்கினு போயி தொறந்து வுட்டுட்டா அது பாட்டுக்கு மேயும். நாக்கத் தட்டினா ஓடியாந்துரும்."

இந்தப் பக்கத்தில் இப்படி வளர்க்கிறவர்கள் இன்னமும் உண்டு. நகரத்தில் நாயை நடத்திப் போவதுபோல, பனி இறங்குகிற நேரத்தில் கூண்டோடு தரிசுக்குப் போய்க் கதவைத் திறந்துவிடுவார்கள். பறவை புற்றைக் கிளறி வயிற்றை நிரப்புகிறவரை பக்கத்திலேயே குந்திக்கொண்டிருப்பார்கள். நாய்க்காரர்களுக்குக் கிடைக்கிற மரியாதை இவர்களுக்குக் கிடைக்காது என்பதுதான் வித்தியாசம்.

காதோரத்து இறகை விரலால் ஒதுக்கினேன். மிளகாய்த்தூளைக் கிள்ளி ஒட்டினாற்போல் சிவப்பு. இறக்கையைத் தூக்கினால் அங்கேயும், வாலுக்கடியிலும் அதே சிவப்பு. ஊசிமுனையால் ஒரு துகளை எடுத்துக் கண்ணாடியில் வைத்து லென்ஸில் பார்த்தேன். துகளுக்குக் கால்கள் இருந்தன.

கோழிக் கூண்டில் நீங்கள் பார்க்கிற செள் வேறு, இது வேறு. இது புதர்ச் செள்ளின் குஞ்சு. ஈர மண்ணில் பொரித்து, புல் நுனியில் ஏறி நின்று, உரசிப் போகிறவர்மேல் தொற்றிக்கொள்ளும். எலியா, கௌதாரியா, சென்ட்ரிங் மேஸ்திரியா என்று பார்க்காது. தோல் மெல்லியதாகவும் மறைவாகவும் உள்ள இடமாகப் பார்த்து உட்காரும். சில நாள் தின்றுவிட்டுத் தானாக உதிர்ந்துவிடும். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

"எங்க மேய வுடற?"

"ஏரிக்கரைக்குப் பின்னால சார். சூரமுள்ளுப் பொதரு."

"அங்க போவாத. போனாலும் பொதர்ல குந்தாத. இந்தப் பூச்சி உனக்கும் ஏறும், காய்ச்சல் வரும்."

"அது மேயறப்ப நானு எங்க சார் குந்தறது? சேர் போட்டா?"

செள்ளையெல்லாம் துடைத்தெடுத்து மருந்து தடவி அனுப்பினேன். அடுத்த வாரம் கொண்டுவா, இதை என்ன செய்வதென்று பேசலாம் என்றேன். "பேச இன்னா சார் இருக்குது" என்று சிரித்தபடி துண்டைப் போர்த்திக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பிறகு ஒருநாள் காலையில் அதே கட்டைப்பை வந்தது. பிடித்திருந்தது அவன் மனைவி அஞ்சலை. களை எடுக்க, மல்லாட்டை பிடுங்க என்று கூலிக்குப் போகிறவள். பேச ஆரம்பித்தால் எதிராளியிடம் பதில் எதிர்பார்க்கமாட்டாள்.

"சார், இது சரியாவே துன்ன மாட்டேங்குது. இது துன்னலன்னா அந்த ஆளு மாத்திர முழுங்க மாட்டேன்றாரு. ரெண்டுத்துக்கும் நடுவுல நானு பஸ்ல போய்க்கினும் வந்துக்கினும் பேஜாரா இருக்குது. நீங்க இதுக்கு ஒரு ஊசி போட்டீங்கன்னா அவரு பொழச்சிப்பாரு."

"ஏழுமலைக்கு என்ன?"

"விழுப்புரத்துல பெரிய ஆஸ்பத்திரில படுத்துனு இருக்காரு. ஒரு வாரத்துக்கு மேல ஆவுது. காய்ச்சல் எறங்கல. டெங்கு இல்லன்றாங்க, டைபாய்டு இல்லன்றாங்க. இல்லாததாப் பாத்து பாத்துச் சொல்றாங்க சார். நேத்துலர்ந்து மூச்சு இழுக்குது. வேற வார்டுக்கு மாத்தணும்னு பேசிக்கறாங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இது கத்துறதக் கேக்கணுமாம். போன்ல புடிச்சி அனுப்புன்றாரு."

நான் கௌதாரியைக் கையில் எடுத்திருந்தேன். பழக்கதோஷம், விரல் தானாகப் போய்க் காதோரத்து இறகை ஒதுக்கியது. சிவப்பு இருந்தது. அந்தக் கணத்தில் சூரைமுள் புதரும், அதில் குந்தியிருந்தவனும், இறங்காத காய்ச்சலும் ஒரே கோட்டில் வந்து நின்றன.

"காலைல எங்க போவாருன்னு டாக்டர் உன்னக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. காடு, பொதருன்னு எங்கனா போனாரான்னு. ரெண்டு தபா கேட்டாங்க. வூட்டவுட்டு எங்கியும் போவலன்னுட்டேன்."

"ஏம்மா?"

அவள் கட்டைப்பையைப் பார்த்தாள். "ஏன்னா? போனாருன்னா எதுக்குப் போனாருன்னு கேப்பாங்க இல்ல?"

நம் நோயாளிகள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு வாய் இல்லாததை ஒரு குறையாகப் பாடத்தில் எழுதியிருப்பார்கள், நம்பாதீர்கள். ஆள் டாக்டர்களின் பாடுதான் கஷ்டம். அவர்களுடைய நோயாளிக்கும் வாய் இருக்கிறது, கூட வருகிறவருக்கும் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். யாரோ எடுத்து, பேஷண்ட்டுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள். அவருடைய கௌதாரிக்கு டாக்டர் என்று சொல்ல நா எழவில்லை. வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தேன். வெளியில் ஓர் எருமையைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் சாயந்திரம் வாருங்கள் என்றேன். எருமையும் அவரும் ஒரே மாதிரி பார்த்தார்கள்.

அஞ்சலை பின்சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டாள். கார் நெடுஞ்சாலை ஏறியதும் ஆரம்பித்தாள்.

"பொதருக்குப் போனாருன்னு வோணா சொல்லுங்க சார். பறவன்னு மட்டும் வாயே தொறக்கக் கூடாது. கேசு கீசுன்னு ஆச்சுன்னா, காய்ச்சல்லயே போயிருக்கலாமேன்னு சொல்ற ஆளு அவரு."

"சொல்லமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சத்தியம் செய்வது சுலபம். ஸ்டியரிங்கிலிருந்து கையைக்கூட எடுக்க வேண்டியதில்லை.

சுங்கச்சாவடியில் நின்றபோது கௌதாரி கூவிவிட்டது. ஒரு வயல் தள்ளி இருப்பவனுக்கும் கேட்கிற குரல் அதற்கு. பெட்டிக்குள் இருந்த ஊழியர் என் முகத்தைப் பார்த்தார். நான் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு "சொல்லுங்க" என்றேன். அவர் குச்சியைத் தூக்கிவிட்டார்.

வண்டி வேகமெடுத்தும் எனக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று வருமே, அந்த மாதிரி. எதையோ பார்த்தும் பார்க்காமல் வந்துவிட்டேன். என்னவென்று பிடிபடவில்லை. ஏழுமலையின் மூச்சு பற்றிய பயம்தான் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, முன்னால் போன கரும்பு லாரிமேல் கோபத்தைக் காட்டினேன்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார்.

"பைல இன்னா சார், கவுதாரியா?"

நானும் அஞ்சலையும் ஒரே நேரத்தில் இல்லை என்றோம்.

"எங்க மச்சான்கூட ரெண்டு வச்சிக்கினு இருந்தான். வண்டிக்குள்ள வச்சா செத்துரும், இப்டி நெழல்ல குடுங்க. நான் பாத்துக்கறேன். ஜல்தியா வந்துருங்க."

விழுப்புரத்தில் அந்த ரகசியம் கண்டிப்பாகத் தெரியாத ஆள், அது தெரிந்தால் ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடிய வார்டு டாக்டர் ஒருவர்தான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. ரகசியங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன.

டாக்டர் உங்கள் வயதுப் பெண். தூங்காத கண். ஏழுமலை மூக்கில் குழாயோடு கிடந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகள் தெரிந்து மறைந்தன. நான் கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறந்தான். என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தான்.

"நீங்க இவருக்கு யாரு சார்?"

"டாக்டர்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"கால்நடை. இவரோட ஆடுகளுக்கு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காக இன்றுவரை அவர்மேல் மரியாதை வைத்திருக்கிறேன். இது புதர்ச் செள் கடித்து வரும் காய்ச்சலாக இருக்கலாம் என்றேன்.

"ஸ்க்ரப் டைபஸா? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு சார். ஆனா வெளியவே போகலைன்னு சொல்றாங்க. கடிச்ச எடமும் கண்ணுக்குப் படல."

"காலையில வெளிக்குப் போறதுக்குப் புதர்ப் பக்கம் போவாரு" என்றேன். சத்தியத்துக்கும் பங்கமில்லாமல் விஷயத்தையும் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு.

"வீட்டுலயே டாய்லெட் இருக்குன்னாங்களே?"

"டைல்சு போட்டது டாக்டரம்மா" என்றாள் அஞ்சலை. பழக்கத்தில் வந்துவிட்ட பெருமை. சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இல்ல, சில சமயம் விறகுக்கு..." என்று ஆரம்பித்தேன். ஒரு பொய்க்கு முட்டு இன்னொரு பொய், அதற்கொரு முட்டு என்று நானும் சென்ட்ரிங் கட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் என்னைப் பார்த்தார், அஞ்சலையைப் பார்த்தார், கதவுப் பக்கம் பார்த்தார். அடுத்த படுக்கைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நம்பிக்கை போய்விட்டால் டாக்டர் இப்படித்தான் கதவைப் பார்ப்பார். நானே ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். இந்தப் பெண் இந்தப் படுக்கையை விட்டு நகர்ந்தால் ஏழுமலையின் மூச்சு அவர் திரும்பி வரும்வரை காத்திருக்குமா என்று தெரியவில்லை.

"டாக்டர், இவர் ஒரு கௌதாரி வளர்க்கிறார். தினமும் விடியற்காலையில் அதைக் கரையான் மேய்க்கச் சூரைமுள் புதருக்குப் போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அதன் உடம்பில் இந்தச் செள்ளை என் கையாலேயே எடுத்தேன்."

அஞ்சலை என்னைப் பார்த்தாள். உதைப்பதற்கு முன் மாடு பார்க்கிற பார்வையை நான் அறிவேன். இது அதற்கு மேலே.

டாக்டர் கௌதாரி பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தினமுமா?" என்றார். திரும்பி வந்து போர்வையை விலக்கினார். "அக்குள், கழுத்து, கால் எல்லாம் பார்த்தாச்சு."

"பறவைக்கு எங்கே மறைவோ அங்கேதான் இருந்தது" என்றேன்.

இடுப்பில் அரைஞாண் கயிறு. அதில் புத்தம் புதிய தாயத்து ஒன்று, பின்பக்கம் இடுப்பெலும்புக்கு மேலே அழுந்திக் கிடந்தது.

"அதத் தொடக் கூடாது டாக்டரம்மா. காய்ச்சலுக்குன்னு மந்திரிச்சிக் கட்டினது. கழட்டினா போச்சி."

"கழட்ட வேணாம்மா. கொஞ்சம் நவுத்திப் பாக்கறாங்க, அவ்ளோதான்" என்றேன்.

டாக்டர் நகர்த்தினார். தாயத்துக்கு அடியில், சிகரெட்டால் சுட்டாற்போல் கருப்பாக ஒரு பொருக்கு. வலிக்காது, அரிக்காது; அதனால் அவனும் சொல்லவில்லை. காய்ச்சலுக்காகக் கட்டிய தாயத்து காய்ச்சலின் முகவரிமேல் உட்கார்ந்திருந்தது.

டாக்டரின் குரல் மாறிவிட்டது. ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம், மருந்தை இப்போதே ஆரம்பியுங்கள் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே போனார். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டிருந்தேன்.

தாழ்வாரத்தில் அஞ்சலை வெடித்தாள். "அந்தச் சனியனாலதான வந்துச்சி. போயி கழுத்தத் திருகிப் போடறேன்."

"அதுகிட்டருந்து வரலம்மா. அதுவும் அவனும் ஒரே பொதர்ல போய்க் குந்தினாங்க. பூச்சி ரெண்டு பேரையும் கடிச்சிது. அந்தப் பறவதான் நமக்குக் காட்டிக் குடுத்துச்சு."

"காட்டிக் குடுத்தது நீங்க சார்."

உங்களுக்கு இப்படி ஒரு நாள் வந்தால், சத்தியத்தை மீறுவதா வேண்டாமா என்பதல்ல கேள்வி. மீறிய பிறகு அந்த முகத்துக்கு எதிரே நிற்க வேண்டியிருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். நான் இல்லை. கீழே இறங்கிப் போய்விட்டேன்.

டீக்கடையில் ஒரு டீ சொல்லி, பாதியில் வைத்துவிட்டு, மருந்துக் கடை வரை நடந்து, எதற்கு வந்தேனென்று தெரியாமல் திரும்பினேன். வேலை முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம். ஆனால் நெடுஞ்சாலையில் ஆரம்பித்த உறுத்தல் இன்னும் போகவில்லை. ஏழுமலைமேல் உள்ள கவலை என்றால் மருந்து ஆரம்பித்தவுடன் கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும். மாறாக அதிகமாகியிருந்தது.

வண்டி நிறுத்தத்தில் வேப்பமரத்தடியில் கூண்டு இருந்தது. வேறு செய்ய ஒன்றும் தோன்றாமல் கௌதாரியைக் கையில் எடுத்துக் காதோரத்தை மறுபடி ஒதுக்கினேன். லென்ஸ் சட்டைப் பையிலேயே இருந்தது. சிவப்புப் புள்ளிகள். எல்லாம் சின்னஞ்சிறிசு. தின்று பருத்தது ஒன்றுகூட இல்லை.

புதுச் செள்.

முதல் தடவை வந்தபோது நான் சுத்தமாகத் துடைத்தெடுத்திருந்தேன். அதற்குப் பிறகு ஏறியிருந்தாலும் சில நாளில் தின்று உதிர்ந்துவிடும். ஏழுமலை படுத்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. இந்தக் கௌதாரி நேற்றோ இன்றோ அந்தப் புதருக்குப் போய்வந்திருக்கிறது. கூண்டைத் தூக்கிக்கொண்டு தானாக நடந்து போயிருக்காது.

மருந்தகத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்த கணத்திலேயே விழுப்புரத்தில் படுத்திருந்தவனை நினைத்தேன். எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றவளை நினைக்கவில்லை.

படியேறி ஓடினேன். என் உடம்புக்கு ஓட்டம் என்பது ஓர் உத்தேசம்தான், இருந்தாலும் ஓடினேன். அஞ்சலை தாழ்வாரத்துத் தரையில் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இத்தினி நாளா கௌதாரிய மேய வுட்டது யாரு?"

"என்னக் கேட்டா? நாந்தான். தெனம் வெடிகாலைல மேய வுட்டுட்டு, அப்பாலதான் பஸ் புடிக்கறேன்."

"அதே பொதருக்கா?"

"அதுக்கு வேற எங்க தெரியும். நானா இட்டுக்கினு போறேன், அதுதான் என்ன இட்டுக்கினு போவுது. துன்னலன்னா அவரு கேப்பாரு. நானு அங்கியே குந்திக்கினு இருப்பேன்."

"உனக்கு உடம்பு எப்டி இருக்குது?"

"எனக்கு இன்னா, கல்லாட்டம் இருக்கறேன்." நெற்றிப்பொட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "முந்தாநாளுலர்ந்து தலவலி. ராவெல்லாம் தரையில படுக்கறமில்ல, ஒடம்பு அடிச்சிப் போட்டாப்ல இருக்குது. வெயில்ல பஸ்ஸுக்கு நிக்கறதுல லேசா சூடு."

நான் தொட்டுப் பார்க்கவில்லை. டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் அவளைத் தடுப்புத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனார். நான் தாழ்வாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். சுவரிலிருந்த அறிவிப்புகளை எல்லாம் படித்தேன். எச்சில் துப்பாதீர்கள் என்பதைப் பலமுறை.

திரை விலகியது. "பாவாடை நாடா கட்டற எடத்துல ரெண்டு பொருக்கு இருக்கு சார்" என்றார் டாக்டர். "இவங்களையும் இன்னிக்கே சேர்த்துக்கறோம். நல்லவேளை, ஆரம்பம்தான்."

அஞ்சலை முந்தானையைச் செருகிக்கொண்டே வந்தாள். "அதெல்லாம் முடியாது. அவரு எழுந்திருக்கட்டும், அப்பால நானு படுத்துக்கறேன்."

"நீ இப்ப படுக்கலன்னா, அவரு எழுந்ததும் உன்னப் பாத்துக்கினு நிப்பாரு. அவரால நிக்க முடியுமா?" என்றேன்.

யோசித்தாள். "அப்ப கவுதாரிக்கு யாரு தீனி வெக்கறது?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நர்ஸும் என்னைப் பார்த்தார். அங்கே பறவை வைத்தியம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அன்று மாலை ஒரு குற்றப்பொருளோடு நான் திண்டிவனம் திரும்பினேன். என் மனைவி துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "மாட்டு டாக்டருன்னு சொல்லித்தான் எங்கப்பா கட்டிக் கொடுத்தாரு" என்று உள்ளே போய்விட்டாள். கோழிக்குஞ்சுகளுக்குச் செய்வதுபோல, பழைய பானையில் கிழிந்த கோணியும் காய்ந்த சாணியும் அடைத்துத் தண்ணீர் தெளித்துத் தோட்டத்தில் கவிழ்த்து வைத்தேன். காலையில் பானை நிறையக் கரையான். கொட்டினேன். மூஞ்சைத் திருப்பிக்கொண்டது. கோணியை மண்ணில் உதறி, மேலே சருகு போட்டு, பக்கத்தில் நின்று நாக்கைத் தட்டினேன். பெரிய மனது பண்ணி வந்து கிளறித் தின்றது. புதருக்குப் போகாமலே அதற்குப் புதர் கிடைத்துவிட்டது. ஏழுமலையிடம் "குந்தாதே" என்று சொன்ன அன்றைக்கே இந்தப் பானையையும் சொல்லியிருக்கலாம். ஒருவனிடம் ஒன்றைச் செய்யாதே என்று சொல்லும்போது, அதற்குப் பதில் என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், அவன் அதையேதான் செய்வான். அவன் வீட்டில் வாயுள்ளது இல்லாதது எல்லாவற்றுக்கும் பசிக்கிறதே.

ஏழுமலையின் காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கியது. மூச்சு சீராக இன்னும் சில நாள் பிடித்தது. அஞ்சலை அதற்குள் எழுந்து, பெண்கள் வார்டிலிருந்து வந்து அவன் படுக்கையருகே நின்று திட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று டாக்டர் போனில் சொன்னார். ரத்தப் பரிசோதனை முடிவும் அதையே சொன்னது, செள்ளுக் காய்ச்சலைத்தான் சொல்கிறேன்.

இருவரும் வீடு திரும்பிய பிறகு வனத்துறையில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஏழுமலையையும் கூட்டிப் போனேன். அவர் அவனை அரை மணி நேரம் திட்டினார், என்னைக் கால் மணி நேரம் திட்டினார், ஏரிக்கரையில் தன் முன்னாலேயே பறவையை விடச் சொன்னார். விட்டான். அது ஓடிப் போய்ச் சூரைமுள்ளுக்குள் நுழைந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. அவன் நாக்கைத் தட்டப் போய், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை என் மருந்தகத்துக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. மேசைமேல் எதை வைத்தாலும், கொண்டுவந்தவரை நிற்கவைத்து, காய்ச்சல் உண்டா, தலைவலி உண்டா, காலையில் எங்கே போனாய், வீட்டில் வேறு யார் இதைத் தொடுகிறார்கள் என்று கேட்பேன். "ஆட்டுக்கு மருந்து வாங்கப் போனா மனுசன நாக்க நீட்டச் சொல்றாரு" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உங்களைப் பற்றியும் பேசட்டும். உயிர் போகிற பேச்சில்லை.

நான் வேலையை விடுகிற வாரம் அஞ்சலை வந்தாள். கழிச்சல் கண்ட ஓர் ஆட்டுக்குட்டி அவள் தோளில் கிடந்தது. அதை வாசலிலேயே இறக்கிவிட்டு, தான் மட்டும் உள்ளே வந்து என் எதிரே நின்றாள்.

"நானு நல்லா இருக்கறேன். காய்ச்சல் இல்ல, தலவலி இல்ல. அவரும் நல்லா இருக்கறாரு. வெடிகாலைல ஏரிக்கரைக்குப் போயி நாக்கத் தட்டிக்கினுதான் நிக்கறாரு, ஆனா ரோட்டு மேலதான் நிக்கறாரு. நானே போயி ஒளிஞ்சி நின்னு பாத்தேன்."

"நீ எங்க ஒளிஞ்ச?"

அவள் என்னை ஒருமுறை முறைத்தாள்.

"கரண்ட்டு கம்பத்துக்குப் பின்னால சார். இப்ப குட்டியப் பாருங்க."